பிரிண்டர் வாங்கியாச்சு... கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குதா? தூத்துக்குடி வீட்டில் ஒரு சனிக்கிழமை!

முத்துநகர் எக்ஸ்பிரஸில் இருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்த என்னை அப்பா 'வா' என்றுகூடக் கேட்கவில்லை. "பிள்ள, பையைக் கீழ வச்சிட்டு அந்த லேப்டாப்ப கொஞ்சம் பாரு. பிரிண்டர் ஏறவே மாட்டேங்கு" என்றார்.

அப்பா துறைமுகம் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என்று காகிதத்தோடு காகிதமாக வாழ்ந்தவர். ரிட்டயர் ஆனதும் சும்மா உட்கார முடியாமல் ஒரு சின்ன ஆல்-இன்-ஒன் பிரிண்டர் வாங்கிவிட்டார். தெருவில் யாருக்காவது பட்டா நகல், ஆதார், ஸ்கூல் புராஜெக்ட் என்றால் எடுத்துக் கொடுக்கலாம், கைச்செலவுக்கு ஆகும் என்பது கணக்கு.

பிரிண்டர் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ஒரு பக்கம்கூட வெளியே வரவில்லை.

மறுநாள் ஞாயிறு, தம்பிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. ஹால் டிக்கெட் இன்னும் போனுக்குள்ளேயே இருந்தது. "பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போயி எடுத்துட்டு வந்துருதேன்" என்று தம்பி மூன்று முறை கிளம்பினான். அப்பா விடவில்லை. "ஊருக்கே எடுத்துக் குடுக்கப்போற மெஷினு. வீட்டுப் பிள்ளைக்கு எடுக்க முடியலன்னா வெளிய சொன்னா சிரிப்பான்!"

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, வியாழக்கிழமை என்ன நடந்தது என்று அம்மா சொல்லும் வரை.

'டோல் ஃப்ரீ' நம்பரும் போன கரண்ட்டும்

பிரிண்டர் பெட்டியில் ஒரு சி.டி. இருந்தது. என் பழைய காலேஜ் லேப்டாப்பில் சி.டி. போட இடமே கிடையாது. அதனால் அப்பா போனை எடுத்து, பிரிண்டர் கம்பெனி பெயரோடு 'டிரைவர் இன்ஸ்டால் ஹெல்ப்லைன்' என்று தேடியிருக்கிறார். முதலில் வந்த நம்பருக்கு அடித்திருக்கிறார்.

எடுத்தவன் நல்ல தமிழில் பேசினானாம். 'சார்' போடாமல் ஒரு வாக்கியம்கூட இல்லையாம். ஒரு ரிமோட் ஆப்பை லேப்டாப்பில் இறக்கச் சொல்லி, அதில் வந்த எண்ணைக் கேட்டு வாங்கியதும், மவுஸ் தானாக நகர ஆரம்பித்திருக்கிறது. ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து, வரிசையாகச் சிவப்புக் குறிகளைக் காட்டி, "பாருங்க சார், உங்க கம்ப்யூட்டர் முழுக்க வைரஸ். அதனாலதான் பிரிண்டர் ஏறல. 'லைஃப்டைம் டிரைவர் லைசென்ஸ்' 3,499 ரூபாய் கட்டினா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்றிருக்கிறான்.

அந்தச் சிவப்புக் குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அது விண்டோஸில் உள்ள 'ஈவென்ட் வியூவர்' என்ற பகுதி. கம்ப்யூட்டர் தனக்குள் நடக்கும் சின்னச் சின்ன தடுமாற்றங்களை எல்லாம் எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. நேற்று கடையில் வாங்கிய புது லேப்டாப்பைத் திறந்தாலும் அங்கே சிவப்பு இருக்கும். இதைக் காட்டிப் பயமுறுத்துவது உலகம் முழுக்க இந்த மோசடிக்காரர்களின் பழைய வித்தை.

அப்பா நெட் பேங்கிங்கை லேப்டாப்பிலேயே திறக்கப் போன நேரத்தில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வைஃபை ரவுட்டர் அணைந்துவிட்டது. மவுஸ் நின்றது. போனில் அவன் குரல் மட்டும், "சார், நெட் ஆன் பண்ணுங்க சார்... மொபைல் டேட்டா போடுங்க சார்" என்று அவசரப்பட்டதாம். அந்த அவசரம்தான் அப்பாவை உறுத்தியிருக்கிறது. "முப்பது வருசம் ஏஜென்ட் ஆபீஸ்ல இருந்திருக்கேன். இன்னைக்கே கட்டு, இப்பவே கட்டுன்னு சொல்றவன் சரக்குல என்னமோ இருக்கும்" என்று போனை வைத்துவிட்டார்.

"கரண்ட்டு போறதுக்கெல்லாம் இனி திட்ட மாட்டேன்" என்றார் அம்மா.

நான் செய்த முதல் வேலை பிரிண்டரைத் தொடுவது இல்லை. அந்த ரிமோட் ஆப்பை லேப்டாப்பில் இருந்து நீக்கினேன். ஒரு முறை முழுக்க வைரஸ் ஸ்கேன் ஓட்டினேன். அப்பாவின் பேங்க் பாஸ்வேர்டையும் மெயில் பாஸ்வேர்டையும் என் போனில் இருந்து மாற்றினேன், அந்த லேப்டாப்பில் இருந்து அல்ல. பணம் போயிருந்தால் உடனே பேங்குக்கும் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கும் அழைத்திருக்க வேண்டும். இந்தியா முழுக்க அதே எண்தான். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் பாயாமல் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வகை ஏமாற்றும் இருக்கிறது. போன் நம்பரே இருக்காது. கம்பெனி சைட் மாதிரியே ஒரு சைட் வரும். பிரிண்டர் மாடலை டைப் செய்யச் சொல்லும். 'டவுன்லோடு ஆகிறது' என்று ஒரு பச்சைக் கோடு ஓடும். 90 சதவிகிதம் வரை போய், 'எர்ரர்' என்று நிற்கும். கீழே 'எங்கள் நிபுணரிடம் பேசுங்கள்' என்று ஒரு சாட் பெட்டி திறக்கும். அந்தக் கோடு எப்போதும் நிற்கத்தான் செய்யும். உள்ளே எந்த டவுன்லோடும் நடப்பதில்லை, அது வெறும் படம்.

பிரிண்டர் டிரைவருக்குக் கம்பெனிகள் காசு வாங்குவதில்லை. பிரிண்டர் வாங்கிய விலையிலேயே அது அடக்கம். உதவி எண் வேண்டுமென்றால் பெட்டியிலும் வாரன்ட்டி அட்டையிலும் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். தேடலில் மேலே வருவது காசு கொடுத்து மேலே வந்த விளம்பரமாகவும் இருக்கலாம்.

முதல் சந்தேகம் கேபிள் மேல்

சரி, பிரிண்டருக்கு வருவோம். இப்போது வரும் பல பிரிண்டர் பெட்டிகளில் யு.எஸ்.பி. கேபிள் இருப்பதில்லை. வைஃபையில் இணைத்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு. அப்பா, பரணில் கிடந்த ஒரு பழைய ஸ்கேனரின் கேபிளை எடுத்து மாட்டியிருந்தார். சதுர முனை பிரிண்டருக்கு, தட்டை முனை லேப்டாப்புக்கு. பொருத்தம் சரியாகத்தான் இருந்தது.

கழற்றிப் பார்த்தேன். தட்டை முனைக்குள் பச்சை பிடித்திருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, ஃபேன் ரெக்கை எதையும் உப்புக்காற்று விடாது. யு.எஸ்.பி. முனையில் உள்ள நாலு மெல்லிய தகடுகள் எம்மாத்திரம்?

கேபிள் முழுக்கச் செத்திருந்தால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். இது ஆடினால் வேலை செய்யும், ஆடாவிட்டால் செய்யாது என்ற ரகம். அதனால் விண்டோஸ் பிரிண்டரைப் பார்த்தது, பெயர் கேட்டது, பாதி கேட்பதற்குள் இணைப்பு போனது. மறுபடி பார்த்தது, மறுபடி போனது. ஐந்து நாளும் இதே கதை.

தம்பி சைக்கிளில் போய்ப் புது கேபிள் வாங்கி வந்தான். வாங்கும்போது சின்னதாக வாங்குங்கள். ஐந்து மீட்டர் கேபிளோ, நடுவில் ஹப் வைத்து இழுப்பதோ வேண்டாம். லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். செருகியதும் விண்டோஸில் ஒரு 'டுடுங்' சத்தம் வரும். அது வந்தால் கம்ப்யூட்டர் கண்ணுக்குப் பிரிண்டர் தெரிகிறது என்று அர்த்தம். வராவிட்டால் வேறு துளையில் செருகிப் பாருங்கள். சத்தம் வராதவரை எந்த சாஃப்ட்வேரைப் போட்டாலும் பலன் இல்லை.

எங்களுக்குச் சத்தம் வந்தது. அப்பா கைதட்டினார். "இப்ப அடிக்கலாமா?"

இல்லை. இப்போதுதான் டிரைவர் பிரச்னையே ஆரம்பம்.

'டிரைவர்' யாரு, எதை ஓட்டுறாரு?

அப்பாவுக்கு ஒரு நியாயமான கோபம் இருந்தது. "எங்க ஆபீஸ்ல டாட் மேட்ரிக்ஸ் இருந்துச்சு. கேபிளைச் சொருகுனா அடிக்கும். கார்பன் வச்சு நாலு காப்பி அடிக்கும். டிரைவரும் கிடையாது, கிளீனரும் கிடையாது!"

அந்தக் காலத்துப் பிரிண்டருக்கு வேலை சுலபம். கம்ப்யூட்டர் 'அ' என்று அனுப்பினால், ஊசியால் தட்டி 'அ' என்று அடிக்கும். இன்றைய இங்க்ஜெட் பிரிண்டருக்கு ஒரு பக்கம் முழுவதும் படம். எந்தப் புள்ளியில் எந்த நிற மை, எவ்வளவு துளி, தாள் எவ்வளவு நகர வேண்டும் என்று எல்லாமே சொல்ல வேண்டும். அதை ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்த பாஷையில் கேட்கும். விண்டோஸ் பேசுவது ஒரு பாஷை. பிரிண்டருக்குத் தெரிந்தது வேறு பாஷை. நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். தப்பான மாடலின் டிரைவரைப் போட்டால் பக்கம் பக்கமாகக் கிறுக்கல் எழுத்து வருவது இதனால்தான்.

இந்த மொழிபெயர்ப்பாளர் நம்மைப் படுத்துவது இன்று நேற்றல்ல. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கும். பிரிண்டர் இருந்த இடத்துக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் தூரம். முந்தைய பிரிண்டரில், தாள் சிக்கினால் எல்லோருடைய திரையிலும் தகவல் வரும்படி சாஃப்ட்வேரைத் திருத்தி வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற புரோகிராமர். புது பிரிண்டருக்கும் அப்படிச் செய்யலாம் என்றால், அதன் மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-ல் அவர் 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். லினக்ஸ் உட்பட இன்றைய சுதந்திர மென்பொருள் உலகத்தின் கதையைச் சொல்பவர்கள் பலரும் அந்தப் பிரிண்டரில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அவருக்கும் அஞ்சு நாளு ஆச்சாமா?" என்றார்.

டவுன்லோடு ஆகும் நேரத்தில் ஒரு பழங்கதை

கம்பெனியின் சொந்த சைட்டில் 'சப்போர்ட்' பகுதிக்குப் போய், மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்க ஆரம்பித்தேன். மாடல் எண்ணைப் பிரிண்டரின் பின்னால் அல்லது அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். கடைசியில் வரும் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு பிரிண்டர். என் போன் ஹாட்ஸ்பாட்டில் ஃபைல் நத்தை வேகத்தில் வந்தது.

காத்திருந்த நேரத்தில் அப்பா ஒரு கதை சொன்னார். ஊருக்கு ஊர் தங்கள் பெருமை இருக்கும். எங்கள் கடற்கரைக்கு இந்தப் பெருமை பொருத்தம்தான். தமிழில் அச்சான ஆரம்ப காலப் புத்தகங்களுக்குப் பின்னால் இருந்தது இந்த முத்துக்குளித்துறை. புன்னைக்காயலில் இருந்து தமிழ் கற்றுக்கொண்ட அன்றிக் அடிகளார் என்கிற ஹென்றிக் ஹென்றிக்கஸ்தான் அவற்றை உருவாக்கினார். செலவில் பங்கு கொடுத்தவர்கள் இங்குள்ள பரதவ மக்கள்.

வீட்டில் போய்த் தேடிப் படித்தபோது எனக்குப் பிடித்துப்போனது பெருமை அல்ல, அவர்கள் பட்ட பாடு. இந்தியாவுக்கு முதல் அச்சு இயந்திரம் 1556-ல் கோவாவில் வந்து இறங்கியதே ஒரு விபத்து. அது எத்தியோப்பியாவுக்குப் போக வேண்டிய மெஷின். வழியில் கோவாவிலேயே தங்கிவிட்டது. மெஷின் இருக்கிறது, ஆனால் அதற்குத் தமிழ் தெரியாது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1554-ல் லிஸ்பனில் தமிழ் நூல் ஒன்றை அச்சடித்தார்கள், ரோமன் எழுத்தில்! வாட்ஸ்அப்பில் நாம் 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோமே, அதேபோல.

பிறகு 1577-ல் கோவாவில் தமிழ் அச்செழுத்துகளை வார்த்தார்கள். அவை திருப்தியாக இல்லை. மறுபடியும் 1578-ல் கொல்லத்தில் வேறு எழுத்துகளை வார்த்தார்கள். அந்த எழுத்தில்தான் 1578 அக்டோபர் 20-ம் தேதி, 16 பக்கத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. கோவா எழுத்து, கொல்லம் எழுத்து இரண்டின் மாதிரியும் அந்தப் புத்தகத்திலேயே இருக்கின்றன. மெஷின் வந்து இறங்கியதற்கும் தமிழ் எழுத்தில் ஒரு புத்தகம் வந்ததற்கும் நடுவே 22 வருடம்.

"நமக்கு அஞ்சு நாளுதானே" என்று அப்பா சமாதானமாகிவிட்டார். அதற்குள் டவுன்லோடும் முடிந்திருந்தது.

புதுசைப் போடும் முன் பழசைக் கழி

நான் இங்கேதான் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். இறக்கிய ஃபைலை நேராக ஓட்டப்போனேன். நல்லவேளை, 'டிவைஸ் மேனேஜர்' ஞாபகம் வந்தது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் அந்தப் பெயர் வரும். திறந்து பார்த்தால், 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு எங்கள் பிரிண்டர் பாவமாக உட்கார்ந்திருந்தது. ஆடும் கேபிளில் பாதி ஏறி நின்ற டிரைவர்.

அதை ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால். செட்டிங்ஸில் 'பிரிண்டர்ஸ் அண்டு ஸ்கேனர்ஸ்' பகுதியில் அதே பிரிண்டர் 'காப்பி 1', 'காப்பி 2' என்று இரண்டு முறை இருந்தது. அவற்றையும் நீக்கினேன். கேபிளைக் கழற்றினேன். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன்.

கேபிளைக் கழற்றியதற்குக் காரணம் உண்டு. பல பிரிண்டர்களில் முதலில் சாஃப்ட்வேர், 'இப்போது கேபிளைச் செருகுங்கள்' என்று அது கேட்கும்போதுதான் கேபிள். முன்னாலேயே செருகினால், விண்டோஸ் தன் கையில் இருக்கும் ஏதோ ஒரு டிரைவரை அவசரமாக மாட்டிவிட்டு, 'ஆச்சு' என்று சொல்லிவிடும். பிரிண்டர் பட்டியலில் இருக்கும், அடிக்காது.

உங்கள் வீட்டில் டிரைவர் ஃபைலைத் திறக்கவே முடியாவிட்டால், வேறு சில இடங்களைப் பார்க்க வேண்டியிருக்கும். சில புது லேப்டாப்புகள் விண்டோஸ் 'எஸ் மோடு' என்ற நிலையில் வரும். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பதை மட்டும்தான் இன்ஸ்டால் செய்ய முடியும். காசு கட்டாமலேயே அதிலிருந்து வெளியே வரலாம், ஆனால் வந்தபின் திரும்பிப் போக முடியாது. அலுவலக லேப்டாப் என்றால் அட்மின் அனுமதி இல்லாமல் டிரைவர் ஏறாது. 2021-ல் பிரிண்டர்களைக் கவனிக்கும் விண்டோஸ் பகுதியிலேயே ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 'பிரிண்ட் நைட்மேர்' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். அதன்பிறகு இந்த அனுமதி விஷயத்தை மைக்ரோசாஃப்ட் இறுக்கிவிட்டது.

பழைய பிரிண்டரைப் புது லேப்டாப்பில் போட முயல்கிறவர்களுக்கு வேறு சிக்கல். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். 32 பிட் டிரைவர் மட்டும் இருக்கும் பழைய பிரிண்டர் அதில் ஏறாது. கம்பெனி சைட்டில் உங்கள் மாடலுக்குக் கீழே கடைசியாக விண்டோஸ் 7 மட்டும் எழுதியிருந்தால், கடைக்காரரோடு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் அதையே பிரிண்டருக்கென ஒதுக்கிவிடுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. இந்த மொழிபெயர்ப்பாளர் வேலையே மெதுவாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. கம்பெனிக்கு ஒரு டிரைவர் என்பதைப் படிப்படியாகக் குறைத்து, எல்லாப் பிரிண்டருக்கும் பொதுவான ஒரே டிரைவர் என்ற வழிக்குப் போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஐபோனில் 2010-லேயே வந்த 'ஏர்பிரிண்ட்', ஆண்ட்ராய்டில் வேலை செய்யும் 'மோப்ரியா' இரண்டும் அதே ரகம்தான். புதிதாகப் பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் இந்த இரண்டு பெயர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், கம்ப்யூட்டர் மக்கர் செய்யும் நாளில் போனில் இருந்தாவது அடித்துக்கொள்ளலாம்.

வரிசையில் சிக்கிய பன்னிரண்டு பக்கம்

மூன்று மணி வாக்கில் இன்ஸ்டால் பாதி வரை போய் நின்றது. 'பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸ் ஓடவில்லை' என்று ஒரு செய்தி. தம்பி வாட்சைப் பார்த்தான். நான் கொஞ்சம் பயந்தேன்தான்.

ஸ்பூலர் என்பது ரேஷன் கடை வரிசையை ஒழுங்குபடுத்தும் ஆள் மாதிரி. நாம் 'பிரிண்ட்' கொடுத்ததும் பக்கம் நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. வரிசையில் நிற்கும். முதலில் நிற்பது நகரவில்லை என்றால் பின்னால் நிற்பது எதுவும் நகராது. சில சமயம் வரிசையைப் பார்க்கும் ஆளே மயங்கி விழுந்துவிடுவார்.

"அப்பா, எத்தனை தடவை பிரிண்ட் குடுத்தீங்க?"

"ஒரு பத்துப் பன்னெண்டு தடவ குடுத்திருப்பேன். வரல, வரலன்னு அமுக்கிட்டே இருந்தேன்."

அந்தப் பன்னிரண்டும் பாதி ஏறிய டிரைவரின் வரிசையில் ஐந்து நாளாக நின்றுகொண்டிருந்தன. செய்ய வேண்டியது இதுதான். ஸ்டார்ட்டில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற வரியை ரைட் கிளிக் செய்து 'ஸ்டாப்' கொடுங்கள். பிறகு சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போங்கள். அனுமதி கேட்டால் கொடுங்கள். அந்தக் கடைசி 'பிரிண்டர்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரை அழிக்க வேண்டாம், பக்கத்தில் இருக்கும் வேறெதையும் தொட வேண்டாம். மறுபடி சர்வீசஸுக்கு வந்து 'ஸ்டார்ட்'.

கேட்கப் பயமாக இருக்கும். இரண்டு நிமிட வேலைதான். 'பிரிண்டர் இருக்கு, ஆனா அடிக்கல' என்று சொல்பவர்களில் பலருடைய பிரச்னை இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். எங்கள் டெஸ்க்கில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. மாதம் ஒரு முறையாவது அதற்கு இந்த வைத்தியம் நடக்கும்.

டிரைவரை மறுபடி ஓட்டினேன். இந்த முறை நிற்கவில்லை. 'கேபிளைச் செருகுங்கள்' என்றது. செருகினேன். டுடுங்.

மூன்று கோளாறு இருந்திருக்கிறது பாருங்கள். கேபிள், பாதி டிரைவர், அடைத்த வரிசை. ஒன்றைச் சரிசெய்துவிட்டு 'அப்பவும் வரலையே' என்று அங்கேயே விட்டிருந்தால், கோளாறு பிரிண்டரில்தான் என்று நினைத்து அப்பா அதைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

வைஃபையில் போட்டால்?

அப்பா முதல் நாள் போன் வழியாக வைஃபையிலும் முயன்று தோற்றிருந்தார். அந்தக் காரணத்தையும் பார்த்துவிட்டேன். எங்கள் ரவுட்டர், ஒரே வீட்டுக்கு இரண்டு வைஃபை தருகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ். விலை குறைந்த பல பிரிண்டர்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். போன் 5-ல் இருந்தது. செட்டப் செய்யும் நேரத்தில் போனையும் 2.4-க்கு மாற்றினால், பிரிண்டர் கண்ணில் படும்.

பிரிண்டரிலேயே ஒரு பட்டனை அழுத்தினால் நெட்வொர்க் விவரத்தை ஒரு தாளில் அடித்துக் கொடுக்கும். எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கூட வந்த தாளில் இருக்கும். அந்த விவரத்தில் ஐ.பி. எண் 169.254 என்று ஆரம்பித்தால், ரவுட்டர் அதற்கு வீட்டு எண்ணே கொடுக்கவில்லை என்று அர்த்தம். ரவுட்டரையும் பிரிண்டரையும் அணைத்துப் போட்டு, வைஃபை பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுங்கள். இதே பிரிண்டர் நேற்று அடித்தது, இன்று 'ஆஃப்லைன்' என்கிறது என்றால், கரண்ட் போய் வந்ததில் அந்த எண் மாறியிருக்கலாம். கம்ப்யூட்டர் பழைய விலாசத்துக்கே தபால் போட்டுக்கொண்டிருக்கும். பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் போதும். ஹாஸ்டலிலும் 'கெஸ்ட்' வைஃபையிலும் இருப்பவர்கள் முயற்சியை விட்டுவிட்டுக் கேபிளுக்கு வந்துவிடுங்கள். அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி பல இடங்களில் தடுத்து வைத்திருப்பார்கள்.

மாலை நான்கே காலுக்கு டெஸ்ட் பேஜ் வந்தது. அடுத்து ஹால் டிக்கெட். "ரெண்டு காப்பி எடு. ஒண்ணு பையில, ஒண்ணு சட்டைப் பையில" என்றார் அம்மா. தம்பி மூன்று எடுத்தான்.

அப்பா டெஸ்ட் பேஜை மடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். பிறகு பிரிண்டரின் மேல் போட ஒரு பழைய தலையணை உறை கேட்டார். உப்புக்காற்றுக்காம். வாரன்ட்டி அட்டையில் இருந்த கம்பெனி நம்பரைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, லேப்டாப் மூடியின் உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டினார். அதன் கீழே 1930.

ஆறரை மணிக்கு எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலில் நின்றார், கையில் போன். "பட்டா ஒண்ணு எடுக்கணும். எவ்வளவு வாங்குதீக?"

அப்பா என்னைப் பார்த்தார். விலையைப் பற்றி நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை.